இது மலை தின்ன டயர் இல்லை: ஒரு ஜிப்ஸியின் முன்சக்கரத் தேய்மானப் பதிவு

வண்டி 2004 மாடல் மாருதி ஜிப்ஸி கிங், ஃபோர் வீல் டிரைவ் ஜீப். டயர் அளவு 205/70 ஆர்15. முன்னும் பின்னும் ஒரே துண்டான கெட்டி ஆக்ஸில், நான்கு பக்கமும் ஸ்பிரிங் கட்டு. வாரத்துக்கு இரண்டு தடவை நாமக்கல்லிலிருந்து சேந்தமங்கலம், காளப்பநாயக்கன்பட்டி, காரவள்ளி வழியாகக் கொல்லிமலை ஏறி இறங்கும். மேலே கொஞ்சம் மிளகும் காப்பியும் இருக்கிறது. காரவள்ளியிலிருந்து மேலே போக 70 கொண்டை ஊசி வளைவு. அதனால் டயர் தேய்வதைப் பற்றி யாரிடம் புலம்பினாலும் ஒரே பதில்தான்: "மலைக்குப் போற வண்டி, தேயாம என்ன செய்யும்?"

நானும் ரொம்ப நாள் அதையே நம்பினேன். அதில் இரண்டு தடவை அலைன்மென்ட் (சக்கரங்களின் கோணம் பார்த்துச் சரிசெய்வது) காசும், ஒரு ஜோடி டயரின் பாதி ஆயுளும் போனது. மீட்டரில் ஓடிய கிலோமீட்டரையே தேதியாக வைத்து எழுதுகிறேன். என் நோட்டிலும் அப்படித்தான் இருக்கிறது.

89,000

முன்னால் இரண்டும் புது டயர். பட்டன் (ரோட்டைத் தொடும் ரப்பர் கட்டைகள்) ஆழம் 9 மி.மீ. பின்னால் இருந்தவை 5.5 மி.மீ., இன்னும் ஓடும் என்று அப்படியே விட்டேன். ஃபோர் வீல் டிரைவ் வண்டியில் இது தப்பு. அதற்குப் பிறகு வருகிறேன்.

94,000 முதல் 99,000 வரை

94,000 வாக்கில் ஐம்பது கிலோமீட்டர் வேகத்தில் முன்னாலிருந்து ஒரு முனகல் ஆரம்பித்தது. ஸ்டீயரிங்கை விட்டால் லேசாக இடப்பக்கம் போனது. கம்ப்யூட்டர் அலைன்மென்ட் செய்யும் ஒரு கடைக்குப் போனேன். திரையில் எல்லாம் பச்சையாக்கித் தாள் அச்சடித்துக் கொடுத்தார்கள். கூடவே, "முன் டயர் ரெண்டையும் இடம் மாத்திப் போட்டுட்டோம் சார்" என்றார்கள். முனகல் குறைந்தது. நானும் சந்தோஷமாக வந்துவிட்டேன்.

97,000-இல் முனகல் திரும்பவும் வந்தது. திரும்பவும் அதே கடை, அதே பச்சைத் தாள், இடது வலது திரும்பவும் மாறியது. இந்தத் தடவை கூடுதலாக ஒரு யோசனையும் சொன்னார்கள்: இடது பக்கம் கேம்பர், அதாவது முன்னாலிருந்து பார்த்தால் சக்கரம் சாய்ந்திருக்கும் கோணம், குறைவாகக் காட்டுகிறது, ஜாக்கி வைத்து 'கேம்பர் எடுத்துவிடலாம்' என்று. தாளில் இடது அரை டிகிரி, வலது 0.9 டிகிரி. இருக்க வேண்டியது 1 டிகிரி.

ஜிப்ஸி போன்ற வண்டியில் கேம்பரைத் திருகி மாற்ற எந்த இடமும் இல்லை. அது ஆக்ஸிலும், அதன் நுனியில் சக்கரத்தைத் தாங்கித் திரும்பும் நக்கிளும் கம்பெனியில் உருவான விதத்திலேயே அமைந்துவிடுவது. மாறியிருந்தால் ஒன்று ஆக்ஸில் குழாய் வளைந்திருக்க வேண்டும், இல்லை நக்கிள் திரும்பும் அச்சான கிங் பின்னின் பேரிங்கோ வீல் பேரிங்கோ தேய்ந்திருக்க வேண்டும். ஜாக்கி வைத்து 'எடுப்பது' என்றால் உள்ளே டிரைவ் ஷாஃப்ட் ஓடும் குழாயை வளைப்பது. பேரிங் தேய்ந்ததற்கு எலும்பை ஒடித்துக் கட்டுப் போடுவது போல. வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அன்றைக்கு எனக்கு இந்த விவரம் முழுக்கத் தெரிந்து சொன்னேன் என்று இல்லை, பயத்தில் சொன்னதுதான். பிறகு படித்தபோது, பயந்தது நல்லதாகப் போயிற்று என்று தெரிந்தது.

99,140

நாமக்கல் லாரி ஊர். பாடி கட்டுபவர்கள், ரீட்ரெடிங் பட்டறைகள், டயர் கடைகள் என்று தெருவுக்குத் தெரு உண்டு. பஞ்சர் ஒட்டப் போன இடத்தில், கடை வாசலில் உட்கார்ந்திருந்த பெரியவர் கழற்றிய சக்கரத்தைத் தரையில் சாய்த்து வைத்து, கண்ணாடி கூடப் போடாமல் உள்ளங்கையை மட்டும் பட்டன் மேல் குறுக்காகத் தேய்த்துப் பார்த்தார். வெளியிலிருந்து உள்ளே ஒரு தடவை. உள்ளிருந்து வெளியே ஒரு தடவை.

"தம்பி, இது மலை தின்ன டயரு இல்லீங்க" என்றார். "மலைன்னா வெளித்தோளத் திங்கும். இது உள்ளாற தேஞ்சு கெடக்குது பாருங்க. கையக் குடுங்க இப்படி."

வெளியிலிருந்து உள்ளே தடவும்போது ஒவ்வொரு பட்டன் வரிசையின் விளிம்பும் ரம்பம் மாதிரிக் கையைப் பிடித்தது. திருப்பித் தடவினால் வழுவழுப்பு.

"வண்டி கால அகட்டிக்கிட்டு ஓடுது" என்றார் பெரியவர். அதற்கு மேல் அவர் ஒன்றும் விளக்கவில்லை, பஞ்சர் ஒட்டி வந்துவிட்டது.

அந்த ஒரு வாக்கியத்தை வீட்டில் வந்து காகிதத்தில் போட்டுப் பார்த்தேன். சக்கரத்தின் முன்பகுதி வெளிப்பக்கம் பார்த்திருந்தால், அதாவது டோ அவுட் இருந்தால், டயர் வெளியே போகப் பார்க்கும், வண்டி அதை நேராக இழுத்துக்கொண்டு போகும். ரப்பர் ரோட்டின் மேல் உள்பக்கமாக இழுபடும். ஒவ்வொரு பட்டனிலும் உள் விளிம்பு முதலில் தேய்ந்து மழுங்கும், வெளி விளிம்பு கூராக நிற்கும். அதனால்தான் வெளியிலிருந்து உள்ளே வரும் கையை அது பிடிக்கிறது. டோ இன் அதிகமாக இருந்தால் இதற்கு நேர் எதிர், உள்ளிருந்து வெளியே போகும் கையைப் பிடிக்கும். காற்றுக் குறைந்தால் இரண்டு தோளும், அதாவது பட்டன் பரப்பின் இரண்டு ஓரமும், தேயும். காற்று கூடினால் நடு தேயும். ஷாக் அப்சார்பர் செத்துப்போயிருந்தாலோ பேலன்ஸ் இல்லை என்றாலோ டயரைச் சுற்றி இடைவெளி விட்டுக் குழி குழியாக விழும். ஒரு தோள் மட்டும் ரம்பமில்லாமல் வழவழப்பாகச் சாய்ந்து தேய்ந்திருந்தால் கேம்பரைச் சந்தேகிக்கலாம்.

மலை ரோட்டில் கொண்டை ஊசி திரும்பும்போது முன் டயர்களின் வெளித்தோள்தான் நசுங்கி அரையும். என் டயரில் வெளித்தோள் நன்றாக இருந்தது. நிற்கும் வண்டியில் வெளியிலிருந்து பார்த்தால் புது டயர் போலத் தெரியும். ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்து, குனிந்து உள்பக்கம் பார்த்தால்தான் விஷயம் புரியும். ஐந்து மாதமாக நான் குனியவில்லை.

அன்று சாயந்தரமே ஆழமானி ஒன்று வாங்கி அளந்தேன். வெளி, நடு, உள் என்று மூன்று இடம். டயரைச் சுற்றிச் சாக்பீஸால் நான்கு குறி வைத்து, நான்கிலும் அளந்து சராசரி. இடது முன்: வெளி 7.1, நடு 6.4, உள் 3.9. வலது முன்: வெளி 7.0, நடு 6.5, உள் 4.2. பின்னால் இரண்டும் 3.5 சுற்றி ஒரே சீராக இருந்தன.

இடதும் வலதும் ஏறக்குறைய ஒரே அளவில் தேய்ந்திருந்ததால் இரண்டு பக்கமும் ஒரே கோளாறு என்று நினைக்கத் தோன்றும். இங்கேதான் இடம் மாற்றிப் போட்டதன் வினை. இரண்டு டயரும் இரண்டு பக்கமும் ஓடிவிட்டன. எந்தப் பக்கம் தின்றது என்று சொல்ல வேண்டிய சாட்சி கலைந்துவிட்டது. டயர் ரொட்டேஷன் நல்ல பழக்கம்தான், ஆனால் காரணம் தெரியாத தேய்மானம் இருக்கும்போது அளந்து எழுதிக்கொள்ளாமல் இடம் மாற்றக் கூடாது. கடைக்காரர் எனக்கு நல்லது செய்வதாகத்தான் மாற்றினார்.

எனவே ஒன்றையும் தொடாமல் அப்படியே ஓட்டுவது என்று முடிவு செய்தேன். காற்றை மட்டும் வாரா வாரம் காலையில், வண்டி எடுக்கும் முன், சொந்த கேஜில் பார்த்து ஒரே அளவில் வைத்தேன்.

(காற்றைப் பற்றி ஒரு இடைச்செருகல். மலை ஏறும்போது டயரில் காற்று ஏறிவிடும், அடிவாரத்திலேயே கொஞ்சம் இறக்கிவிட வேண்டும் என்று சொல்பவர்கள் உண்டு. ஆயிரம் மீட்டர் ஏறினால் வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால் கேஜ் ஒன்றரை பிஎஸ்ஐ போலக் கூடுதலாகக் காட்டும், உண்மைதான். ஆனால் மேலே குளிர். அந்தக் குளிருக்கு ஒரு பிஎஸ்ஐ கிட்டக் குறையும். கூட்டிக் கழித்தால் அரை பிஎஸ்ஐ. அதற்காகக் காரவள்ளியில் வண்டியை நிறுத்திக் காற்றைப் பிடுங்க வேண்டியதில்லை.)

1,00,660

1,520 கிலோமீட்டர் கழித்து அதே சாக்பீஸ் குறிகளில் அளந்தேன். இடது முன்: வெளி 6.7, நடு 6.1, உள் 3.0. வலது முன்: வெளி 6.6, நடு 6.2, உள் 3.8.

தேய்ந்ததை மட்டும் பாருங்கள். வெளித்தோளில் இரண்டு பக்கமும் 0.4. இதுதான் மலையின் பங்கு, நியாயமான பங்கு. உள்தோளில் வலது 0.4, இடது 0.9. இடது முன் சக்கரத்தில் ஏதோ இருக்கிறது. அரை டிகிரி கேம்பர் குறைந்ததற்கு மட்டும் இவ்வளவு தேயாது, ரம்ப விளிம்பும் வராது.

1,00,700, சனிக்கிழமை

வீட்டு முற்றத்தில் வண்டியைச் சமதரையில் நிறுத்தி, பின் சக்கரங்களுக்குக் கல் அண்டை கொடுத்து, முன் ஆக்ஸிலை ஜாக்கியில் தூக்கி ஸ்டாண்டில் உட்கார வைத்தேன்.

முதல் சோதனை ஆட்டம். சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து உள்ளே வெளியே ஆட்டினேன். வலது பக்கம் சத்தமே இல்லை. இடது பக்கம் 'டக்'. ரிம் ஓரத்தில் ஸ்கேல் வைத்துப் பார்த்தால் 3 மி.மீ. அசைவு. இந்த டக் வீல் பேரிங்கிலா கிங் பின்னிலா என்று பிரிக்க ஒரு எளிய வழி உண்டு. என் மச்சினனை உட்கார வைத்து பிரேக்கை அழுத்தச் சொன்னேன். பிரேக் பிடித்தால் டிஸ்கும் நக்கிளும் ஒன்றாகிவிடும், வீல் பேரிங் ஆட்டமாக இருந்தால் மறைந்துவிடும். மறையவில்லை. டக் அப்படியே இருந்தது. எனவே நக்கிளுக்கும் ஆக்ஸிலுக்கும் நடுவில் இருக்கும் கிங் பின் பேரிங்.

அடுத்து சக்கரத்தைத் தரையில் இறக்கி, அவனை ஸ்டீயரிங்கை இடது வலது சும்மா கொஞ்சம் அசைக்கச் சொல்லி, நான் கீழே படுத்து, இரண்டு முன் சக்கரங்களையும் இணைக்கும் டை ராடின் முனை மூட்டுகளான எண்ட் ஒவ்வொன்றையும் உள்ளங்கையால் பொத்திப் பிடித்தேன். கண்ணுக்குத் தெரியாத ஆட்டம் கைக்குத் தெரியும். இடது எண்ட் என் கைக்குள் ஒரு முறை குதித்துப் பிறகுதான் நக்கிளை இழுத்தது.

இனி டோ. அலைன்மென்ட் கடையின் தாளில் டோ இன் 3 மி.மீ. என்று இருந்தது. கையேட்டில் 2 முதல் 6 மி.மீ. வரை. அப்படியானால் எல்லாம் சரி. சரியாக இருக்கும் வண்டி காலை அகட்டி ஓடுவது எப்படி? இரண்டு பிளைவுட் பலகையை வெட்டினேன். ஒவ்வொன்றிலும் 668 மி.மீ. இடைவெளியில் இரண்டு வெட்டு, அதுதான் இந்த டயரின் விட்டம். அடிப்பகுதியில் டயர் பிதுங்கும் இடத்துக்கு வளைவாக ஒரு வெட்டு. இரு சக்கரத்தின் வெளிப்பக்கமும் பலகையைச் சாய்த்து நிறுத்தி, வண்டிக்கு அடியில் டேப்பை விட்டு முன் வெட்டுகளுக்கு இடையில் ஒரு அளவு, பின் வெட்டுகளுக்கு இடையில் ஒரு அளவு. முன்பக்கம் குறைவாக இருந்தால் டோ இன்.

வண்டியைப் பின்னுக்குத் தள்ளி பிரேக் போடாமல் நிறுத்தி அளந்தேன்: 5 மி.மீ. இன். அதே வண்டியை முன்னுக்கு மூன்று மீட்டர் தள்ளி நிறுத்தி அளந்தேன்: 1 மி.மீ. அவுட்.

நம்பாமல் நான்கு தடவை செய்தேன். நான்கு தடவையும் அதுவே. டை ராடை யாரும் தொடவில்லை, ஆனால் டோ 6 மி.மீ. ஆடுகிறது. டூ வீல் டிரைவில், அதாவது பின் சக்கரம் மட்டும் தள்ள, முன்னோக்கி ஓடும்போது ரோடு முன் சக்கரங்களைப் பின்னுக்குத் தள்ளும், ஆட்டமெல்லாம் ஒரு பக்கமாக ஒதுங்கிச் சக்கரம் வெளியே பார்க்கும். ரோட்டில் ஐம்பது அறுபது வேகத்தில் அது இன்னும் கூடத்தான் செய்யும். அலைன்மென்ட் மேடையில் வண்டி சும்மா நிற்கிறது, ஆட்டம் எந்தப் பக்கம் ஒதுங்கி நின்றதோ அந்த எண்ணைக் கம்ப்யூட்டர் நேர்மையாகக் காட்டியது. அதன் மேல் கோபப்பட ஒன்றுமில்லை. மேடையேற்றும் முன் யாராவது ஒருவர் சக்கரத்தைப் பிடித்து ஆட்டிப் பார்த்திருக்க வேண்டும், அவ்வளவுதான். அந்த யாராவது நானாகவும் இருந்திருக்கலாம்.

ஸ்பிரிங் கட்டுகளையும் பார்த்தேன். சென்டர் போல்ட் உடைந்து ஆக்ஸில் நகர்ந்திருந்தால் வண்டி கோணலாக ஓடும், டயரும் தின்னும். இரண்டு பக்கமும் முன் ஹப் மையத்திலிருந்து பின் ஹப் மையத்துக்கு நூல்குண்டு விட்டு அளந்தேன். வீல்பேஸ் 2,375 இருக்க வேண்டும். ஒரு பக்கம் 2,374, இன்னொரு பக்கம் 2,372. என் டேப்புக்கும் என் கண்ணுக்கும் இந்த வித்தியாசம் சகஜம். யூ போல்ட் நட்டுகளை மட்டும் இறுக்கிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை

பிரிக்கும் வேலை. காலிப்பர், ஹப், ஸ்பிண்டில் என்று கழற்றிக்கொண்டே போய், நக்கிளின் பின்பக்கம் வட்டமாக இருக்கும் எட்டு சிறு போல்ட்டுகளை எடுத்தால் ஆயில் சீல் தகடு விலகும். பிறகு மேலும் கீழும் கிங் பின். டிஃப்ரன்ஷியல் ஆயில் வழியக்கூடும், கீழே ஒரு தட்டு வைத்துக்கொள்ளுங்கள். டை ராடு எண்ட் கூம்பு லேசில் விடாது. நட்டைக் கழற்றிவிட்டு, அது உட்கார்ந்திருக்கும் கண்ணின் இரண்டு பக்கமும் எதிரெதிராக ஒரே நேரத்தில் இரண்டு சுத்தியலால் தட்டினால் 'டொப்' என்று விழும். நட்டு மேல் அடித்து மரையைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள்.

இடது நக்கிள் விலகியதும் வந்த நாற்றம் இன்னும் மூக்கில் இருக்கிறது. உள்ளே கிரீஸ் இருக்க வேண்டிய இடத்தில் பால் அதிகமான டீ நிறத்தில் ஒரு கூழ். ஓடைத் தண்ணீர், சேறு, உள் சீல் கசிந்து வந்த கியர் ஆயில், மூன்றும் சேர்ந்த கலவை. மழைக்காலத்தில் தோட்டத்துக்குப் போகும் வழியில் ஓர் ஓடையை முழங்கால் தண்ணீரில் தாண்டுவேன். வெளிப்பக்க ஃபெல்ட் சீல் நார் நாராகக் கிழிந்திருந்தது. அதன் வழியாகத்தான் போயிருக்கிறது.

கீழ் கிங் பின் பேரிங்கின் வெளிக் கப்பைத் துடைத்து வெளிச்சத்தில் பிடித்தேன். ரோலர் உட்கார்ந்த இடமெல்லாம் கோடு கோடாகப் பள்ளம். நகத்தை வைத்து இழுத்தால் சீப்பில் இழுப்பது போல 'கிரிக் கிரிக்'. கிங் பின் பேரிங் முழுச் சுற்று சுற்றுவதில்லை, பெரும்பாலும் நேராக நின்ற நிலையிலேயே குத்து வாங்கிக்கொண்டிருக்கும், அதனால் ரோலர்கள் ஒரே இடத்தில் அச்சுப் பதித்துவிடும். ஸ்டீயரிங் நடுவில் மட்டும் லேசாகப் பிடித்துப் பிடித்து விட்டதற்கும் காரணம் இதுதான். பல மாதமாக அதைப் பவுடர் போட்ட கேரம் போர்டில் ஒட்டுப் பட்டது போல ஏதோ என்று விட்டுவிட்டேன்.

வலது பக்கமும் பிரித்தேன். கிரீஸ் நல்ல நிறத்திலேயே இருந்தது, கப்பில் லேசான அச்சு. ஆனாலும் இரண்டு பக்கமும் மாற்றிவிட்டேன். நான்கு பேரிங், சீல் செட், டை ராடு எண்ட் இரண்டு, புது ஸ்பிளிட் பின்கள்.

என் சொந்தச் சொதப்பல் ஒன்று. கிங் பின்னுக்கு அடியில் மெல்லிய ஷிம் தகடுகள் இருக்கும், மேலது எது கீழது எது என்று குறித்து வைக்க வேண்டும். இடது பக்கம் குறித்தேன். வலது பக்கம் வரும்போது சாப்பாட்டு நேரம், எல்லாவற்றையும் ஒரே டப்பாவில் போட்டுவிட்டேன். மாட்டிய பிறகு நக்கிளைக் கையால் திருப்பினால் அசைய மறுத்தது. இதற்கு ஒரு அளவு உண்டு: ஆயில் சீல் மாட்டும் முன், டை ராடு மாட்டும் துளையில் ஸ்பிரிங் தராசைக் கோத்து இழுத்தால் நக்கிள் நகரத் தொடங்கும் இடத்தில் 1 முதல் 1.8 கிலோவுக்குள் காட்ட வேண்டும். மிளகு நிறுக்கும் சின்னத் தராசை மாட்டி இழுத்தேன். மூன்றேகால் கிலோ. ஷிம்மைக் கூட்டினால் இறுக்கம் குறையும், குறைத்தால் கூடும். மூன்று தடவை கழற்றி மாட்டி, வலது 1.5-க்கும் இடது 1.6-க்கும் வந்து சேர்ந்தபோது இருட்டிவிட்டது. இந்த இறுக்கத்தைக் கை மதிப்பில் வைக்கும் மிஸ்திரிகள் இருக்கிறார்கள், அவர்களுக்குச் சரியாகவும் வரும். எனக்குத் தராசு வேண்டும்.

மறுநாள் டோ. டை ராடின் ஒரு முனையில் வலது மரை, மறு முனையில் இடது மரை. லாக் நட்டுகளைத் தளர்த்தி ராடைத் திருகினால் நீளும், குறுகும். முன்னுக்குத் தள்ளி அளந்தேன், பின்னுக்குத் தள்ளி அளந்தேன், வித்தியாசம் ஒரு மி.மீ. கூட இல்லை. 4 மி.மீ. இன்னில் வைத்து இறுக்கினேன். கேம்பரைப் பற்றி ஒன்றும் செய்யவில்லை. பிறகு சரிபார்க்க வேறொரு கடையில் மேடையேற்றியபோது இடது 0.9 டிகிரி, வலது 0.9 டிகிரி.

மச்சினனின் வாக்குமூலம்

பிரேக்கை அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தபோதுதான் இது வெளியே வந்தது. கீழே படுத்திருந்த நான் பேச்சுவாக்கில், டிரான்ஸ்ஃபர் லீவர் சமீபமாக ஃபோர் ஹையிலிருந்து (நான்கு சக்கரமும் இழுக்கும் நிலை) வெளியே வர இறுக்கமாக இருக்கிறது, கொஞ்சம் ரிவர்ஸ் எடுத்தால்தான் விடுகிறது என்றேன்.

"எனக்கும் அப்படித்தானுங்க மாமா. மலை மேல செம்மேடு போய்ச் சேர்ந்து எடுக்கறப்ப உடும்புப் பிடி மாதிரிப் பிடிச்சுக்கும்."

"செம்மேடு வரைக்கும் ஃபோர் ஹையிலயா போற?"

"மழை பேஞ்சா காரவள்ளிலயே போட்டுருவனுங்க. கிரிப்பு நல்லாருக்குமில்ல?"

ஜிப்ஸியில் முன் ஆக்ஸிலுக்கும் பின் ஆக்ஸிலுக்கும் நடுவில், இரண்டையும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடும் டிஃப்ரன்ஷியல் கிடையாது. லீவரைப் போட்டால் இரண்டும் ஒரே கட்டாகிவிடும். சேற்றிலும் சரளையிலும் சக்கரம் கொஞ்சம் வழுக்கிக் கணக்கைச் சரிசெய்துகொள்ளும். தாரில் அப்படி முடியாது. காகிதத்தில் அவனுக்குக் கணக்குப் போட்டுக் காட்டினேன். கொண்டை ஊசியில் முன் சக்கரம் 8 மீட்டர் ஆரத்தில் திரும்பினால் பின் சக்கரம் 7.64 மீட்டர் ஆரத்தில் வரும். அரை வட்டம் சுற்றி முடிக்கும்போது முன்னது 25.1 மீட்டர், பின்னது 24 மீட்டர். ஒரு மீட்டருக்கு மேல் வித்தியாசம். இரண்டும் ஒரே சுற்று சுற்றியாக வேண்டும் என்று கட்டிப்போட்டால் அந்த ஒரு மீட்டரை டயர் ரோட்டில் தேய்த்துத்தான் கொடுக்க முடியும். 70 வளைவுக்கு எண்பது மீட்டர் போல. மழையில் ரோடு நனைந்திருந்தால் வழுக்கல் கொஞ்சம் சுலபம், ஆனால் காரவள்ளியில் பெய்யும் மழை இருபதாவது வளைவில் நின்றிருக்கும், லீவர் மட்டும் அப்படியே இருக்கும்.

இதில் என் பங்கும் உண்டு. முன்னால் 9 மி.மீ., பின்னால் 5.5 மி.மீ. ஆரத்தில் 3.5 மி.மீ. வித்தியாசம், சுற்றளவில் 22 மி.மீ. டயரின் சுற்றளவு 2.1 மீட்டர், ஆக நூற்றுக்கு ஒன்று. நேர் ரோட்டில் ஃபோர் ஹையில் போனாலும் கிலோமீட்டருக்குப் பத்து மீட்டர் இழுபடும் என்பது ஏட்டுக் கணக்கு. ரேடியல் டயரில் உருளும் தூரத்தைப் பெரும்பாலும் உள்ளே இருக்கும் ஸ்டீல் பெல்ட்தான் முடிவு செய்கிறது, அதனால் நடப்பில் இதைவிடக் குறைவு. குறைவே தவிர இல்லாமல் போகாது. அது டிரான்ஸ்ஃபர் கேஸையும் முறுக்கும். லீவர் பிடித்துக்கொண்டது அந்த முறுக்கில்தான். ரிவர்ஸ் எடுத்தால் முறுக்கு அவிழ்கிறது, லீவர் விடுகிறது.

இதுதான் உள்தோள் தேய்மானத்துக்குக் காரணம் என்று சொல்ல மாட்டேன். ஃபோர் ஹை பழக்கம் தனியாக இருந்தால் நான்கு டயரும் சேர்ந்து சீக்கிரம் தேய்ந்திருக்கும். இடது உள்தோளுக்குக் கிங் பின்னும் டை ராடு எண்டும்தான். ஆனால் மச்சினன் மனசு விட்டுச் சொன்னதால் எழுதி வைக்கிறேன்.

1,03,100

புது டயர் உடனே வாங்கவில்லை. நோய் தீர்ந்ததா என்று தெரியாமல் புது டயரைப் பலி கொடுக்க மனசு வரவில்லை. இவை எந்தப் பக்கம் வேண்டுமானாலும் சுற்றக்கூடிய, உள் வெளி வேறுபாடு இல்லாத டயர்கள். சைடுவாலில் சுழலும் திசைக்கு அம்புக்குறி இருந்தாலோ, உள் பக்கம் வெளிப் பக்கம் என்று எழுதியிருந்தாலோ இதைச் செய்யக் கூடாது. பெரியவர் கடையில் டயரை ரிம்மிலிருந்து கழற்றித் திருப்பி மாட்டினோம், தேய்ந்த தோள் வெளியே வந்தது. பேலன்ஸ் செய்து, சாக்பீஸ் குறி போட்டு, 2,400 கிலோமீட்டர் ஓட்டினேன். இரண்டு பக்கமும் வெளி 0.6, நடு 0.5, உள் 0.5 தேய்ந்திருந்தது. கையைத் தேய்த்தால் எந்தப் பக்கமும் பிடிக்கவில்லை. தேய்ந்த தோளை வெளியே கொண்டுவந்ததில் ஒரு வசதி, பட்டன் அடியில் இருக்கும் 1.6 மி.மீ. எல்லைக் கட்டைக்கு இன்னும் எவ்வளவு இருக்கிறது என்று நின்றபடியே பார்க்க முடிந்தது.

பிறகுதான் ஐந்து டயர், ஸ்டெப்னி உட்பட ஒரே கம்பெனி ஒரே வகை, ஒரே நாளில். பர்ஸ் அழுதது. ஐயாயிரத்துக்கு ஒரு தடவை ஐந்தையும் சுழற்றுகிறேன்: பின் இரண்டும் நேராக முன்னுக்கு. முன் வலது குறுக்கே பின் இடதுக்கு. முன் இடது ஸ்டெப்னிக்கு. ஸ்டெப்னி பின் வலதுக்கு. ஐந்தும் ஏறக்குறைய ஒரே ஆழத்தில் இருக்கும், ஆக்ஸில்களுக்குள் சண்டை வராது. ஓடை தாண்டும் மாதங்களில் ஃபெல்ட் சீலை மாதம் ஒரு தடவை பார்த்து, நக்கிளின் உருண்டைப் பகுதியில் கிரீஸ் பூசுகிறேன். சக்கரத்தைப் பிடித்து ஆட்டிப் பார்ப்பது மூன்று நிமிட வேலை, டயர் சுழற்றும் அன்றே நடந்துவிடுகிறது.

1,08,300

முதல் சுழற்சி. கழற்றும் முன் அளந்தது: இடது முன் வெளி 7.9, நடு 8.1, உள் 8.1. வலது முன் வெளி 7.9, நடு 8.0, உள் 8.1. பின் இரண்டும் 8.3. வெளித்தோளில் போன கூடுதல் 0.2 மலைக்கு. அதைக் கொடுத்துத்தான் ஆக வேண்டும்.

பின் இடதில் மட்டும் பட்டன்களின் ஒரு விளிம்பு லேசாக உயர்ந்திருக்கிறது, சுற்றும் திசையில் தடவினால் தெரிகிறது. அந்தப் பக்க ஷாக் அப்சார்பரில் எண்ணெய்க் கசிவு எதுவும் தெரியவில்லை, பேலன்ஸும் சரியாக இருக்கிறது. சாக்பீஸ் குறி போட்டு வைத்திருக்கிறேன். அந்த டயர் இப்போது முன் இடதில் ஓடுகிறது.

டேஷ்போர்டில் ஃபோர் வீல் விளக்குக்குப் பக்கத்தில் மச்சினனே ஒரு சின்ன ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறான். "தார் தெரிஞ்சா எடு" என்று எழுதியிருக்கிறது.